போர் நூல், திரில்லர், கவிதை: யாருக்கு எதைக் கொடுப்பது?

"நல்ல புத்தகம் ஒண்டு சொல்லுங்கோ அக்கா" என்று யாராவது கேட்டால், வாயில் முதலில் வருகிற பெயரைச் சொல்லிவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். நமக்குப் பிடித்ததைத்தான் சொல்வோம். கேட்டவர் அதைத் தேடி எடுத்து, முப்பது பக்கம் தாண்டாமல் மேசையில் வைத்துவிடுவார். "எனக்கு வாசிப்பு சரிவராது" என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வார். புத்தகத்திலும் பிழை இல்லை, அவரிலும் பிழை இல்லை. பொருத்தம் பார்க்காமல் கொடுத்துவிட்டோம்.

திருகோணமலையில் என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். மற்றவர்கள் வேலை, குடும்பம் என்று வாசிப்பை விட்டு நெடுங்காலமாகித் திரும்ப வருகிறவர்கள். அவர்கள் கேட்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்று: போரைப் பற்றிய புத்தகம், விறுவிறுப்பான திரில்லர், இந்தக் காலத்துக் கவிதை. இவை மூன்றும் கடையில் ஒரே அலுமாரியில் இருக்கலாம். ஆனால் வாசிக்கிறவரின் மனதில் ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்வியை எழுப்புகிறது. எந்தக் கேள்வியை இப்போது அவரால் சுமக்க முடியும் என்று தெரிந்தால், எதைக் கொடுப்பது என்பது தானாகத் தெளிந்துவிடும்.

திரில்லரிலிருந்து தொடங்குவோம், அதுதான் எளிது. பலர் துப்பறியும் கதையையும் திரில்லரையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். துப்பறியும் கதையில் கொலை நடந்து முடிந்திருக்கும். யார் செய்தது, ஏன் செய்தது என்று கதை பின்னோக்கிப் போகும். திரில்லரில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. வருவதற்குள் தடுக்க முடியுமா என்று கதை முன்னோக்கி ஓடும். சினிமா இயக்குநர் ஹிட்ச்காக் இதற்குச் சொன்ன விளக்கம் பிரபலம். மேசைக்குக் கீழே குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால், அதிர்ச்சி சில விநாடிதான். குண்டு இருப்பது நமக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் சும்மா கதைத்துக்கொண்டிருந்தால், அந்தப் பதினைந்து நிமிடமும் நாம் நுனிக்கதிரையில் இருப்போம்.

ஆகவே திரில்லருக்கு ரகசியம்கூடக் கட்டாயமில்லை. பிரெடரிக் ஃபோர்சைத் எழுதி 1971 இல் வெளியான 'த டே ஒஃப் த ஜக்கால்' பிரான்ஸ் ஜனாதிபதி டி கோலைக் கொல்ல அமர்த்தப்பட்ட ஒரு கூலிக் கொலையாளியின் கதை. டி கோல் அதற்கு முந்திய வருடம் தன் வீட்டில் இயற்கையாக இறந்தவர். கொலை நடக்கவில்லை என்பது வாசிக்கத் தொடங்கும்போதே எல்லோருக்கும் தெரியும். இருந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியாது. கொலையாளி போலிப் பாஸ்போர்ட் எடுப்பதையும், துப்பாக்கி செய்விப்பதையும், பொலிஸ் அவன் பின்னால் ஒவ்வொரு அடியாக நெருங்குவதையும் ஃபோர்சைத் அவ்வளவு நுணுக்கமாகச் சொல்கிறார். 'என்ன ஆகும்' என்பது தெரிந்த பிறகும் 'எப்படி ஆகும்' என்பது நம்மை இழுத்துப் போகிறது.

தமிழில் சுஜாதாவின் கணேஷ், வசந்த் கதைகளைத் துணிந்து முதல் புத்தகமாகக் கொடுக்கலாம். வசனம் சுருக்கமாக இருக்கும், பக்கம் வேகமாகப் போகும். 'கொலையுதிர் காலம்' பேயா, அறிவியலா என்ற சந்தேகத்தைக் கடைசிவரை விடாமல் வைத்திருக்கும். நீண்ட நாள் எதையும் வாசிக்காத ஒருவர் கொழும்புக்கு இரவு ரயில் ஏறுகிறார் என்றால் நான் கொடுப்பது இதைத்தான். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கு மேல் நாவல் எழுதியவர். எங்கள் பெரியம்மா, மாமா தலைமுறைக்கு வாசிப்புப் பழக்கம் வந்தது அந்த மாத நாவல்களால்தான். அவற்றை இலக்கியமில்லை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பக்கம் திருப்பும் பழக்கத்தை ஒருவருக்குக் கொடுப்பது சின்ன வேலை இல்லை.

இனிப் போர் நூல்கள். நம் ஊரில் இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகத்தான் பேச வேண்டும்.

போர் எழுத்து என்றதும் துப்பாக்கியும் தாக்குதலும் நிறைந்த கதை என்று புதிதாக வருகிறவர் எதிர்பார்ப்பார். அப்படிப்பட்ட புத்தகங்களும் உண்டு, ஆனால் அவை பெரும்பாலும் போர் வேடம் போட்ட திரில்லர்கள். உண்மையான போர் எழுத்தில் சண்டை நடக்கும் பக்கங்கள் குறைவாகவே இருக்கும். காத்திருத்தல், பசி, சாமான் கட்டுதல், ஊர் மாறுதல், இல்லாத ஒருவரைப் பற்றிய தகவலுக்காக அலைதல் ஆகியவைதான் அதிகம். எரிக் மரியா ரெமார்க் முதலாம் உலகப் போரில் ஜேர்மன் சிப்பாயாக இருந்து காயப்பட்டவர். அவருடைய 'ஆல் குவையட் ஒன் த வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' 1929 இல் புத்தகமாக வந்தது. இருநூறு பக்கத்துக்கு நம்மோடு கதைத்துக்கொண்டே வந்த இளைஞன் கடைசியில் இறந்துபோகிறான். அன்று போர்முனை அவ்வளவு அமைதியாக இருந்ததால், இராணுவ அறிக்கையில் அவன் சாவுக்கு இடமே இல்லை. தலைப்பே அந்த அறிக்கையின் வாசகம்தான். திரில்லர் எழுதுபவர் அந்தச் சாவைப் பெரிய காட்சியாக்கியிருப்பார். ரெமார்க் சில வரிகளில் முடித்துவிட்டார். நாஜிகள் 1933 இல் தெருவில் போட்டு எரித்த புத்தகங்களில் இதுவும் ஒன்று.

திரில்லரிலும் போர் நூலிலும் முடிவு முன்பே தெரிந்திருக்கலாம். ஆனால் தெரிந்திருப்பதன் விளைவு வேறு. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் என்ன நடந்தது என்பதை அறிந்தவர்தான் தமிழ்க்கவியின் 'ஊழிக்கால'த்தைத் திறக்கிறார். வன்னிக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஒரு குடும்பம் ஒடுங்கும்போது, தப்புவார்களா என்ற பதற்றத்தைவிட, இந்தச் சனம் இதை எப்படித் தாங்கியது என்ற கேள்விதான் வாசிப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. திரில்லர் வாசிப்பவரை வேகப்படுத்தும். போர் நூல் நிறுத்தி நிறுத்தி வாசிக்கவைக்கும். இரண்டு பக்கம் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தால் அது தோல்வி இல்லை, அந்தப் புத்தகம் கேட்கிற வாசிப்பே அதுதான்.

போர் நூலைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது, யார் சொல்கிறார், எங்கே நின்று சொல்கிறார், எப்போது சொல்கிறார் என்பதை. தமிழினி விடுதலைப் புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். 2015 இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தன்வரலாறான 'ஒரு கூர்வாளின் நிழலில்' அடுத்த வருடம் வந்தது, வந்ததுமே கடுமையான விவாதம் எழுந்தது. அதை வாசிக்கும்போது, உள்ளே இருந்த ஒருவர் தோல்விக்குப் பிறகு, சிறையிருப்பும் புனர்வாழ்வும் கடந்து எழுதியது என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஷோபாசக்தியின் 'கொரில்லா' பிரான்சில் அகதியாக வாழும் ஒருவரின் தூரத்திலிருந்து வந்த நாவல். சயந்தனின் 'ஆறாவடு' நீர்கொழும்பிலிருந்து இத்தாலிக்குக் கடல்வழியே கிளம்பும் படகில் கதையைத் தொடங்கிப் பின்னால் போகிறது. இந்திய அமைதிப்படை காலத்தை அறிய விரும்பினால் தமிழ்நதியின் 'பார்த்தீனியம்'. தமிழ்நதி திருகோணமலையைச் சேர்ந்தவர், நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாமல் இருப்பது வருத்தம்.

ஒரே பக்கத்து நூல்களை மட்டும் அடுக்கிக் கொடுப்பது இந்த ஊருக்குப் பொருந்தாது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற மாவட்டம் இது. விமல் குழந்தைவேலின் 'கசகறணம்' அக்கரைப்பற்றில் தமிழ், முஸ்லிம் சனங்களின் கொடுக்கல் வாங்கல் எப்படி முறிந்தது என்று சொல்லும் நாவல். கதைமாந்தர் பேச்சு முழுக்க அந்த மண்ணின் வழக்கு. முதலில் கொஞ்சம் கடினமாக இருக்கும், வாய்விட்டு வாசித்தால் பிடிபட்டுவிடும். கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

திரில்லர் பிடித்த ஒருவரைப் போர் எழுத்துக்குக் கொண்டுவர ஒரு நல்ல பாலம் இருக்கிறது. நிஹால் டி சில்வாவின் 'த ரோட் ஃப்ரொம் எலிஃபன்ட் பாஸ்' என்ற ஆங்கில நாவல், 2003 ஆம் ஆண்டுக்கான கிரேஷியன் பரிசு பெற்றது. ஓர் இராணுவ அதிகாரியும் புலிகளின் பெண் ஒருத்தியும் சேர்ந்து வில்பத்துக் காட்டைக் கடந்து தெற்கே போக வேண்டிய நிலை. அடுத்த வளைவில் என்ன இருக்கிறது என்ற பதற்றம் முழுக்கத் திரில்லருக்குரியது. இரவில் நெருப்புக்குப் பக்கத்தில் இருந்து இருவரும் வாதாடும் பக்கங்களில் போர் நூலின் கேள்விகள் வந்துவிடுகின்றன. அதை எழுதியவர் 2006 இல் அதே வில்பத்துவில் கண்ணிவெடியில் இறந்தார் என்பதை அறிந்தபின் அந்தப் புத்தகத்தை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை.

போரைக் கண்ணால் கண்டவருக்குப் போர் நூல் கொடுக்கலாமா? எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. 2006 இல் மாவிலாற்றில் தொடங்கிய சண்டை மூதூரையும் சம்பூரையும் ஊரோடு கிளப்பியது. அப்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்கள் இன்று கடை வைத்திருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார்கள், பஸ்ஸில் நமக்குப் பக்கத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு, "இதை வாசியுங்கோ, உங்கட கதைதான்" என்று இடப்பெயர்வு நாவலை நீட்டுவது அன்பு என்று நினைப்போம். அவருக்கு அன்றிரவு நித்திரை போய்விடலாம். புத்தகத்துக்குள் என்ன இருக்கிறது என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சாவு வரும் அத்தியாயம் எது, பிள்ளைகளுக்கு ஏதும் நடக்கிறதா என்பதை மறைக்கத் தேவையில்லை. திரில்லரில் முடிவைச் சொன்னால் கோபிப்பார்கள். போர் நூலில் முன்கூட்டிச் சொல்வது மரியாதை.

இன்னொரு வழியும் உண்டு: வேறு நாட்டுப் போரைக் கொடுப்பது. தூரத்துப் போரை வாசிக்கும்போது மனம் அவ்வளவு இறுகுவதில்லை. வாசித்து முடித்ததும், கேட்காமலே தன் கதையைச் சொல்லத் தொடங்குவார். ஸ்வெட்லானா அலெக்சீவிச் இரண்டாம் உலகப் போரில் சோவியத் படையில் இருந்த பெண்களைத் தேடிப் போய், அவர்கள் பேசியதைப் பதிவு செய்து ஒரு நூலாக்கினார். 1985 இல் வந்த அந்த நூலில் வீரக் கதைகளைவிடப் பெரிய அளவு சப்பாத்து, வெட்டிப்போட்ட கூந்தல் போன்ற விஷயங்கள் நினைவில் நிற்கின்றன. 2015 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் பெண்கள் பலருக்கு அந்த நூல் பக்கத்து வீட்டு அக்காமார் கதைப்பது போலவே இருக்கிறது. தூரத்துப் போர் என்று சொன்னாலும், அது நம் ஊரிலேயே கிடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் குண்டுவீசித் தாக்கின. நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்தைக் கடந்து தினமும் பஸ் போகிறது. அங்கே கல்லில் எழுதியிருக்கும் வயதுகளைப் பார்த்துவிட்டு ரெமார்க்கை வாசிக்கும் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

கவிதைக்கு வந்தால், பெரும்பாலானோர் சொல்வது "எனக்குக் கவிதை விளங்காது" என்பது. பள்ளிக்கூடத்தில் செய்யுளுக்குப் பதவுரை, பொழிப்புரை எழுதி மார்க்ஸ் வாங்கிய பழக்கம் அது. கவிதைக்குள் ஒரு விடை ஒளிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்காவிட்டால் பிழை என்ற பயம் உள்ளே இருக்கிறது. நாவலைப் போலக் கவிதையில் 'அடுத்து' என்று ஒன்று இல்லை. ஒரு கணத்தைக் காட்டிவிட்டு, அதைத் திரும்பப் பார்க்கச் சொல்கிறது. அவ்வளவுதான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது.

நம் ஊரில் 1939 இல் பிறந்த தருமு சிவராம், பிரமிள் என்ற பெயரில் தமிழ் நவீன கவிதையின் போக்கையே மாற்றியவர்களில் ஒருவர். சி.சு. செல்லப்பா சென்னையில் நடத்திய 'எழுத்து' பத்திரிகைக்கு, இருபது வயதை ஒட்டிய பருவத்திலேயே இங்கிருந்து எழுதி அனுப்பினார். பிறகு தமிழ்நாட்டுக்குப் போய் 1997 இல் அங்கேயே காலமானார். சிறகிலிருந்து கழன்ற ஓர் இறகு காற்றில் போவதைப் பற்றிய அவருடைய சின்னக் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். சில வரிதான். அதற்கு அவர் வைத்த தலைப்பு 'காவியம்'. காவியம் என்றால் ஆயிரக்கணக்கான பாட்டு வேண்டாமா என்று நமக்குத் தோன்றுகிறது. திரும்ப வாசித்தால், அந்த இறகு காற்றில் ஒரு பறவையின் முழு வாழ்வையும் எழுதுகிறது என்பது பிடிபடுகிறது. இறகு எதன் குறியீடு என்று தேட வேண்டாம். கோணேசர் மலையில் ஏறி விளிம்பில் நின்று, கீழே கடலுக்கு மேல் பறவைகள் போவதைப் பார்த்தவர்களுக்கு இது ஏற்கெனவே தெரிந்த காட்சி. முதல் கவிதையாகக் கொடுக்க எனக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை.

சு. வில்வரத்தினம் புங்குடுதீவில் பிறந்து திருகோணமலையில் நீண்ட காலம் வாழ்ந்தவர், 2006 இல் காலமானார். அவருடைய 'காற்றுவழிக் கிராமம்' ஆட்கள் போய்விட்ட ஊரைப் பற்றியது. பாட்டாகப் பாடக்கூடிய ஓசை அவரிடம் உண்டு, ஆகவே கண்ணால் மட்டும் வாசிக்கக் கூடாது. கிழக்கின் சோலைக்கிளியும் அனாரும் முற்றிலும் வேறு மாதிரி. சோலைக்கிளியின் படிமங்கள் கனவுபோல் தாவும், அனாரிடம் உடலும் நிலமும் ஒன்றாகக் கலந்திருக்கும். பா. அகிலனின் 'சரமகவிகள்' கடைசிக் கட்டப் போரின் சாவுகளைச் சில சொற்களில் பதிவு செய்கிறது. அதை நேரே முதல் புத்தகமாகக் கொடுக்க வேண்டாம், பாரம் அதிகம். தொகுப்பாக வேண்டும் என்றால் 1985 இல் வந்த 'மரணத்துள் வாழ்வோம்', அதற்கு அடுத்த வருடம் வந்த பெண்கள் கவிதைத் தொகுப்பான 'சொல்லாத சேதிகள்'. தொகுப்பில் பல குரல்கள் இருக்கும். பிடித்த குரல் எது என்று கண்டுகொண்டு அந்தக் கவிஞரைத் தேடிப் போகலாம்.

போருக்கும் கவிதைக்கும் நடுவே நிற்கும் ஒன்றை யாருக்கும் கொடுக்கலாம். புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய 'அற்றைத் திங்கள்'. ஐந்தே வரி. போன மாதத்து நிலவில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் குன்றைப் பிறர் கொள்ளவில்லை. இந்த மாதத்து நிலவில் குன்றை வேந்தர் கொண்டார், அப்பா இல்லை. பாட்டில் ஒரு வாள் வீச்சு இல்லை, ஒரு துளி இரத்தம் இல்லை. நிலவு மட்டும் இரண்டு தடவை வருகிறது. வென்ற வேந்தரின் முரசைச் சொல்லும்போதும் குரல் உயரவில்லை. போர் எழுத்து என்றால் என்ன, கவிதை எப்படி வேலை செய்கிறது என்று இரண்டையும் ஒரே இடத்தில் காட்ட நான் எடுப்பது இந்தப் பாட்டைத்தான். சம்பூருக்குத் திரும்பி வந்து தன் வளவைத் தேடிய ஒருவருக்கு இதை வாசித்துக் காட்டினால் அருஞ்சொற்பொருள் தேவைப்படாது.

சரி, கேட்பவரிடம் என்ன கேட்பது? "என்ன பிடிக்கும்?" என்று கேட்டால் பதில் வராது. "கடைசியாக எதை விடாமல் பார்த்தீங்கள், வாசித்தீங்கள்?" என்று கேட்டால் வரும். படமாக இருந்தாலும் பரவாயில்லை. துரத்தல் படம் சொன்னால் திரில்லர். ஒருவரின் வாழ்க்கைக் கதையைச் சொன்னால் தன்வரலாறு அல்லது போர் நாவல். ஒரு பாட்டின் ஒரு வரியைச் சொன்னால் தயங்காமல் கவிதை கொடுங்கள். அப்புறம், எப்போது வாசிப்பார் என்று கேளுங்கள். கைப்பிள்ளை வைத்திருக்கும் தாயிடம் நானூறு பக்க நாவலைக் கொடுத்துப் பயனில்லை. கவிதைத் தொகுப்பை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம், எந்த நேரமும் மூடலாம்.

வாங்கக் காசு இல்லாவிட்டால் பொது நூலகம் இருக்கிறது. ஈழத்துப் பழைய தொகுப்புகளும் சிறுசஞ்சிகைகளும் 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, போனிலேயே வாசிக்கலாம்.

கொடுத்த புத்தகம் திரும்பி வரும்போது "நல்லா இருந்ததா?" என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு "ஓம்" என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீங்கள் என்று கேளுங்கள். இருபதாம் பக்கத்தில் நின்றால் மொழியோ வேகமோ பொருந்தவில்லை, இன்னும் இலகுவானதைக் கொடுக்கலாம். பாதி தாண்டி, யாரோ ஒருவர் சாகும் இடத்துக்குச் சற்று முன் நின்றிருந்தால் அவருக்கு அந்தப் புத்தகம் நன்றாகவே விளங்கியிருக்கிறது. அடுத்ததாகப் போர் இல்லாத ஒன்றைக் கொடுங்கள், அந்தப் புத்தகத்தையும் அவரிடமே விட்டுவையுங்கள்.